பாகூருக்கு வந்த இரும்பு வீடு

சௌந்தரராஜன் விலைக்கு வாங்கிய வீடு வரிசையாக மாட்டுவண்டிகளில் ஏறிப் பாகூருக்கு வந்த அன்று, ஊரில் பாதிப்பேர் ஏரிக்கரை வரை போய் வேடிக்கை பார்த்தார்கள். முன்வண்டிகளில் சுவர்கள். அடுத்து வந்தவற்றில் கதவு, ஜன்னல், தரைப்பலகை. ஒரு வண்டி நிறைய மரப்பெட்டிகள். பெட்டிகளுக்குள் ஆணியும் திருகும். சௌந்தரராஜன் எல்லாவற்றுக்கும் முன்னால் குடை பிடித்துக்கொண்டு, சாமி புறப்பாட்டில் தர்மகர்த்தா நடப்பதுபோல் நடந்து வந்தார்.

அவர் மனைவி கமலவேணி வாசலுக்கு வந்தாள். கடைசி வண்டி வரை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"கூரை எங்க?" என்றாள்.

"பின்னால வருது."

"எதுக்குப் பின்னால வரணும்?"

"இங்கிலீஷ்காரன் சாவடில நிறுத்தி வச்சிருக்கான். தீர்வை கட்டணுமாம். சீக்கிரம் வுட்டுருவான்."

புதுச்சேரியிலிருந்து பாகூருக்கு வருவதென்றால் நடுவில் இங்கிலீஷ்காரன் மண்ணை மிதிக்காமல் வரமுடியாது. சாவடிக்காரன் சுவர்களைப் பார்த்து ஏதோ வீட்டுச் சாமான் என்று விட்டுவிட்டான். கூரைத் தகடுகளை மட்டும் வியாபாரச் சரக்கு என்று பிடித்து வைத்துக்கொண்டான்.

"செவுரு பிரெஞ்சு எல்லைல, கூரை இங்கிலீஷ் எல்லைல. நல்ல வூடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

உண்மையில் இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் பாகூரில் விழவில்லை, நெட்டப்பாக்கத்தில் விழுந்தது. அங்கேதான் கமலவேணியின் பெரியப்பா மகள் கஸ்தூரி வாழ்க்கைப்பட்டிருந்தாள். கஸ்தூரியின் புருஷர் அரங்கநாதனும் சௌந்தரராஜனும் சகலைகள். இருவருக்கும் நெல்லும் கரும்பும் விளைகிற நிலம் ஏறக்குறைய ஒரே அளவு. மூளையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்பது கமலவேணியின் கணக்கு. ஒருவர் வில்வண்டி வாங்கினால் மற்றவர் அதைவிட உயரமான மாடு வாங்குவார். ஒருவர் வீட்டில் கிராமபோன் பாடினால் மற்றவர் வீட்டில் அதைவிடப் பெரிய குழாய் வைத்த கிராமபோன் பாடும். இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அரங்கநாதன் ஒரு மோட்டார் கார் வாங்கினார். அதை ஓட்டிக்கொண்டு பாகூருக்கு வந்தார். சகலை வீட்டு வாசலில் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். இறங்கி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். அன்றிலிருந்து சௌந்தரராஜனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தவன் வேணு. புதுச்சேரியில் கப்பல் சாமான் இறக்கி விற்கும் ஒரு கம்பெனியின் ஏஜெண்டு அவன். தலையில் எண்ணெய், காலில் பூட்ஸ், கையில் ஒரு வர்ணப்படம். படத்தில் செங்குத்தான கூரையோடு ஒரு வீடு இருந்தது.

"இது கட்டுற வூடு இல்லீங்க, பூட்டுற வூடு" என்றான் வேணு. "பிரான்சுல பேக்டரில செய்யிறாங்க. ஒவ்வொரு துண்டுலயும் நம்பர் அடிச்சிருக்கும். நம்பருக்கு நம்பர் சேத்து திருகுனா வேல முடிஞ்சுது. கொத்தனார் வேணாம், சுண்ணாம்பு வேணாம். இந்தப் பக்கத்துல யாருகிட்டயும் கெடையாது. மோட்டார் காரு யாரு வேணா வாங்கலாங்க. இத வாங்க ஒரு இது வேணும்."

அந்த "ஒரு இது" சௌந்தரராஜனின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

கமலவேணி கதவோரம் நின்று படத்தைப் பார்த்தாள். கூரை மேலே வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது.

"மேல இன்னா அது, வெள்ளையா?"

"சுண்ணாம்புங்க" என்றான் வேணு, கண்ணைச் சிமிட்டாமல்.

"இப்பத்தான சுண்ணாம்பே வேணாம்ன?"

வேணு படத்தைச் சுருட்டிக்கொண்டான். சௌந்தரராஜன் மனைவியை முறைத்தார். பொம்பளைகளுக்குப் புதுசு எதுவும் புரியாது என்று வேணுவிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். மறுவாரம் புதுச்சேரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அதற்கான பணம் எங்கிருந்து வந்தது என்று கமலவேணி கேட்டபோது, கரும்பு விற்ற பணம் என்றார்.

கூரை சாவடியில் கிடக்க, சுவர்களை மட்டும் நிறுத்துகிற வேலை தொடங்கியது. பழைய வீட்டுக்கு முன்னால் இருந்த களத்தில்தான் நிறுத்தினார்கள். புதுச்சேரி மில்லில் பிட்டராக இருந்த மரியதாஸ் ஆட்களோடு வந்திருந்தான். நம்பரெல்லாம் சரிதான், ஆனால் பாதி நம்பர் கடல் உப்பில் துரு ஏறி அழிந்திருந்தது. படுக்கையறைக் கதவு சமையல்கட்டில் ஏறியது. ஒரு ஜன்னல் தலைகீழாகப் பூட்டிக்கொண்டது. மரியதாஸ் மத்தியானம் வரை வேலை செய்வான், அதற்குப்பிறகு கள்ளுக்கடைப் பக்கம் போய்விடுவான். சௌந்தரராஜன் மட்டும் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கூரையில்லாத வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆடுகள் உள்ளே புகுந்து படுத்துக்கொண்டன. முதலில் குடிவந்தது அவைதான்.

அந்தச் சமயத்தில் ஒரு காலையில் வயலுக்குப் போன அம்மணி தலைச்சுமையோடு ஓடிவந்தாள். அவள் கமலவேணி வீட்டு நிலத்தில் நடவு நடுகிறவள்.

"அம்மா, வாய்க்கா நெலத்துல யாரோ ஏரு ஓட்டுறாங்க! கேட்டா நெட்டப்பாக்கத்து ஏருன்றாங்க!"

வாய்க்கால் நிலம் கமலவேணிக்கு அவள் அப்பா கல்யாணத்தில் சீராகக் கொடுத்தது. ஏரித்தண்ணீர் முதலில் பாய்கிற நிலம்; எந்த வருஷமும் பொய்க்காதது. மகள் பேரில் எழுதினால் மாப்பிள்ளைக்கு மரியாதைக் குறைவு என்று பந்தலில் யாரோ சொல்ல, மனிதர் மாப்பிள்ளை பேரிலேயே எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இத்தனை வருஷமாகக் கமலவேணி அதை என் நிலம் என்றுதான் சொல்லிவந்தாள். விதைநெல் எடுப்பதிலிருந்து அறுவடைக் கூலி வரை அவள் கையால்தான் நடந்தது.

அவள் நேராகக் களத்துக்குப் போனாள். மரியதாஸும் ஆட்களும் திருகுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"வாய்க்கா நெலத்த வித்துட்டீங்களா?"

சௌந்தரராஜன் நாற்காலியில் நெளிந்தார். "மெதுவா பேசு. ஆளுங்க இருக்காங்க."

"யாருக்கு வித்தீங்க? எங்க அக்கா வூட்டுக்காரருக்கா?"

"கேட்ட வெலைக்கு அவருதான் வாங்குனாரு. நெலம் எங்க ஓடியா போவுது? வைகாசில கொம்யூன் தலைவரு, அதான் மேர், எலெக்‌ஷன் வருது. இந்த வூட்டப் பாத்தா புதுச்சேரி தொரைமாருங்க நம்மளத்தான் ஆளா மதிப்பாங்க. கொம்யூனுக்கு நான் மேர் ஆயிட்டா இந்த மாதிரி பத்து நெலம் வாங்கிக்கலாம்."

"எங்க அப்பன் குடுத்தத வித்து அவருக்கே குடுத்துட்டு, அவரு பாத்து வயிறெரியணும்னு இரும்பு வாங்கியிருக்கீங்க. அவரு வாய்க்கா நெலத்துல நெல்லு அறுத்துத் தின்னுட்டு வயிறெரிவாரு. நீங்க இந்தத் தகர டப்பாவ நக்கிட்டு உக்காந்திருங்க."

மரியதாஸ் இருமுவதுபோல் திரும்பிச் சிரித்தான். சௌந்தரராஜனுக்கு அதுதான் பெரிய அவமானமாக இருந்தது, நிலம் அல்ல. கமலவேணிக்கு அதுவும் தெரிந்தது. அன்று அவள் வயலோரம் போய், பிறத்தியார் ஏர் தன் நிலத்தைப் புரட்டிப்போடுவதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. வீட்டுக்கு வந்து வழக்கம்போல் சமைத்தாள். அவருடைய இலையில் உப்பு மட்டும் வைக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

ஒருவழியாகக் கூரை வந்து ஏறியது. சித்திரையில் கிரகப்பிரவேசம் வைத்தார்கள். சுவரின் வெளிப்பக்கம் இரும்பு, உள்பக்கம் பலகை, நடுவில் மரத்தூள் அடைத்திருந்தது. ஹோமப்புகை வெளியே போக வழி தெரியாமல் ஐயர் முகத்திலேயே சுற்றியது. அவர் மந்திரத்தில் பாதியை விழுங்கிவிட்டு எழுந்து ஓடினார்.

மதியச் சாப்பாட்டுக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு பிரெஞ்சுக்கார இஞ்சினியர் வந்தார். பல வருஷம் இங்கேயே இருந்தவர். தமிழ் கொஞ்சம் பேசுவார். சௌந்தரராஜன் பட்டு அங்கவஸ்திரத்தோடு அவரை வாசலில் நின்று வரவேற்றார். பின்னால் வேணு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அரங்கநாதனும் காரில் வந்திருந்தார். வராவிட்டால் பொறாமை என்பார்கள். நெட்டப்பாக்கம் வரை சொல்லியனுப்பி, வில்லியனூரிலிருந்தும் பெரிய மனிதர்கள் சிலரை அழைத்திருந்தார்கள். எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

கமலவேணி சமைத்தது பழைய வீட்டில்தான். சாம்பார் வாளியோடு புது வீட்டு நிலைப்படியில் நின்றவளுக்கு உள்ளேயிருந்து வந்த அனல் நெல் அவிக்கும் அண்டாவைத் திறந்தாற்போல் இருந்தது. பெரிய மனிதர்கள் வேர்வையில் நனைந்து, சட்டை உடம்போடு ஒட்ட, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாய் திறந்தால் யார் முதலில் குறை சொன்னது என்றாகிவிடும். பாயசத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். தூக்கமா மயக்கமா என்று தெரியவில்லை.

இஞ்சினியர்துரை எழுந்து ஜன்னலோரம் போனார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி இரும்புச் சுவரில் ஊன்றியவர் "ஆ!" என்று கத்திக் கையை உதறினார். பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார்.

"முசே, இது பனி வீடு" என்றார் சௌந்தரராஜனிடம். "மலை ஊர். மேலே பனி விழும், இவ்வளவு உயரம். அது சரிந்து விழணும், அதுக்குத்தான் இந்தக் கூரை. உள்ளே இருக்கும் சூடு வெளியே போகக்கூடாது, அதுக்குத்தான் இந்தச் சுவர். பாகூரில் பனி எங்கே?"

வேணு மட்டும், "தொர வூட்டோட உறுதியப் பத்திப் பாராட்டுறாரு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி மொழிபெயர்த்தான். துரை சொன்னதே தமிழில்தான் என்பதை அவனுக்கு எடுத்துச்சொல்ல ஒருவருக்கும் தெம்பு இல்லை.

துரை தன் இலையைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். கமலவேணி அங்கே போய் அவருக்கு மோர் ஊற்றினாள். "மெர்சி" என்று நன்றி சொன்னார் அவர். அன்று அந்த வீட்டைப் பற்றி உண்மை பேசிய ஒரே ஆள் என்று அவள் இன்னொரு கரண்டியும் ஊற்றினாள்.

இதற்கப்புறமும் சௌந்தரராஜன் மேர் ஆனார் என்பதுதான் கொடுமை. எதிர்த்து நின்றவர் அதிகாரிகளோடு சண்டைபோட்டுக்கொண்டு கடைசி நேரத்தில் விலகிவிட்டார். நிற்க வேறு ஆள் இல்லை. வீட்டுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் இரும்பு வீட்டு ராசிதான் மேர் ஆக்கியது என்று ஊரே பேசியது. சௌந்தரராஜனும் அப்படியே நம்பினார். கழுத்தெல்லாம் வேர்க்குரு வெடித்தாலும் இரவில் அங்கேதான் படுப்பேன் என்றார். படுத்தார். அப்புறம் கொல்லைப்பக்கமாகப் பழைய வீட்டுக்கு நழுவி வந்து தூங்கி, விடிவதற்குள் எழுந்துபோய், காலையில் இரும்பு வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு கொட்டாவியோடு வெளியே வருவார். கமலவேணி பல நாள் கண்டும் காணாமல் இருந்தாள். ஒருநாள் கொல்லைக்கதவைத் தாழ்போட்டுவிட்டாள். மறுநாள் மேரின் முகம் வீங்கிப்போயிருந்தது.

ஆடிக்கு விருந்தென்று கஸ்தூரியும் அரங்கநாதனும் வந்தார்கள். கஸ்தூரி சமையல்கட்டுக்குப் போய்விட, அரங்கநாதன் இரும்பு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். திருகுகளைத் தடவிப் பார்த்தார். மேர் பதவி அந்தத் திருகுகளில் எதற்குள் இருக்கிறது என்று தேடுவதுபோல் இருந்தது கமலவேணிக்கு.

"நல்ல வூடு" என்றார் அவர்.

"அடுப்பு மாமா இது" என்றாள் கமலவேணி. "பகல்ல உள்ள நிக்க முடியாது. மழை பேஞ்சா பேசுறது காதுல வுழாது. பனி கொட்டுற ஊருக்குச் செஞ்சத நம்ம தலையில கட்டிட்டான்."

அரங்கநாதன் அவளைக் கூர்ந்து பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "இன்னா கமலா, எங்கிட்டயே மறைக்கிறியா? கண்ணு பட்டுரும்னு பயமா?"

அவள் உண்மையிலேயே திகைத்துப்போனாள். "நெசமாத்தான் சொல்றேன். தொரையே சிரிச்சாரு, நீங்களும் பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன். சிரிச்ச தொரதான மேர் ஆக்குனாரு? அடுத்த தடவ எங்க கொம்யூனுலயும் எலெக்‌ஷன் வருது. எனக்குக் குடுத்துருங்களேன். வேணுகிட்ட கேட்டேன், இனிமே இந்த மாடல் வராதாம்."

வராது. எந்த மடையன் இரண்டாவது வாங்குவான்? உண்மையைச் சொல்லச் சொல்ல இந்த மனிதரின் ஆசை கூடுகிறது என்பது அவளுக்குப் புரிந்தது. அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பணமெல்லாம் வேணாம் மாமா. வாய்க்கா நெலத்த எழுதிக் குடுங்க" என்றாள். "இந்தத் தடவ என் பேருல."

அரங்கநாதன் யோசித்ததாகக்கூடத் தெரியவில்லை. "சகலை ஒத்துக்கணுமே."

"அத நான் பாத்துக்கறேன்."

சௌந்தரராஜனிடம் அவள் வேறு வழியாகப் போனாள். "உங்க சகலை கெஞ்சுறாரு. மேர் போட்ட பிச்சைதான் அந்த வூடுன்னு நெட்டப்பாக்கத்துல காலத்துக்கும் பேசுவாங்க. குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்" என்றாள்.

சௌந்தரராஜனின் வேர்க்குருவெல்லாம் ஒரே நேரத்தில் குளிர்ந்தது. வீட்டுக்கு மாற்றாக வாய்க்கால் நிலம் அவள் பேரில் வருகிறது என்று கேட்டபோதுதான் கொஞ்சம் சுருங்கினார்.

"எம் பேருல இருந்தா இன்னா? நான் இன்னா வித்துரப் போறனா?" என்றார்.

கமலவேணி அவரையே பார்த்தாள். அவர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டார்.

புதுச்சேரியில் பத்திரம் எழுதும் நொத்தேர் ஆபீசுக்குக் கமலவேணி தானே வண்டி கட்டிக்கொண்டு போனாள். எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச்சொல்லிக் கேட்டாள். மரியதாஸ் மறுபடியும் வந்து வீட்டைத் திருகிக் கழற்றினான். துருப்பிடித்த இடங்களில் வெட்டி எடுத்தான். வந்த மாதிரியே வண்டிகளில் ஏறி அது நெட்டப்பாக்கம் போனது. களம் காலியானதும் அம்மணியோடு போய் வாய்க்கால் நிலத்தில் சம்பா நடவு நட்டாள் கமலவேணி. சேற்றில் கால் வைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு நிறைவு வந்தது. அந்த வருஷம் கதிர் நன்றாகவே பிடித்தது.

அரங்கநாதன் எலெக்‌ஷனில் தோற்றார். அதுகூடப் பரவாயில்லை. அடுத்த பங்குனிக் கடைசியில் கஸ்தூரி ஒரு துணி மூட்டையோடு தனியாக வந்து இறங்கினாள். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வாழையிலை சுற்றிக் கட்டியிருந்தாள்.

"இன்னாக்கா இது?"

"அடுப்புக்கு மேல இருக்குற இரும்புப் புகைக்குழாய்ல சாஞ்சுட்டேன். அந்த இரும்பு வூட்டுக்குள்ளதான் சமைக்கணுமாம். வூடு வாங்கிட்டு அடுப்ப வெளிய வச்சா ஊரு சிரிக்குமாம்." கஸ்தூரி மூட்டையைக் கீழே வைத்தாள். "என்ன அந்த டப்பாக்குள்ள தள்ளி வுட்டுட்டு நீ நெலத்த வாங்கிக்கினியேடி."

"நான் அவருகிட்ட உண்மையத்தான சொன்னேன்..."

"அவருகிட்ட சொன்ன. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

அந்த வீட்டுக்குள் அரங்கநாதன் அடுப்பு மூட்டமாட்டார், கஸ்தூரிதான் மூட்டுவாள் என்பது கையெழுத்துப் போட்ட அன்றே கமலவேணிக்குத் தெரிந்துதான் இருந்தது. நினைக்கத்தான் இல்லை. ஆண்பிள்ளைகள் இருவரையும் எவ்வளவு கேவலமாகப் பேசியிருந்தாள்! இப்போது அந்தப் பேச்சில் கொஞ்சம் அவள் பக்கமும் திரும்பியது. இலையை அவிழ்த்து, புண்ணைத் துடைத்து, புது மருந்து போட்டுக் கட்டினாள். "இங்கயே இரு" என்றாள்.

நாலு நாள் கழித்து அரங்கநாதன் காரில் வந்தார். கன்னம், நெற்றி எல்லாம் வேர்க்குரு சிவந்து கிடந்தது. சௌந்தரராஜன் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டார்; விசிறியை நீட்டினார்.

"அவள கூட்டிப் போவ வந்தேன்" என்றார் அரங்கநாதன்.

"அந்த வூட்டுக்கா?" என்றாள் கமலவேணி.

"வூட்டுக்கு இன்னா கொறச்சல்? நல்லாத்தான் இருக்குது. அவளுக்குத்தான் ஒத்துக்கல."

கமலவேணி சிரித்துவிட்டாள். அடக்கமுடியவில்லை. உள்ளே கஸ்தூரியும் சிரிப்பது கேட்டது.

"அப்ப நல்லாருக்குற வூட்டுல நீங்களே சமைச்சு சாப்டுங்க மாமா. அக்கா வரமாட்டா. பழைய சமையக்கட்டுல அடுப்பு பத்தவச்சதும் சொல்லியனுப்புங்க, நானே கொண்டாந்து வுடறேன். அது வரைக்கும் உங்க இரும்புக்கு நீங்களே காவல்."

அரங்கநாதன் சகலையைப் பார்த்தார், சிபாரிசுக்கு. பாகூர் மேர் வேப்பமரத்தில் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்தார். அரங்கநாதன் எழுந்து போனார். ஹாரன் அடிக்காமல் கார் தெருமுனை திரும்பியது.

"பாவம்" என்றார் சௌந்தரராஜன்.

"யாரு?" என்றாள் கமலவேணி.

அவர் விசிறியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவள் அக்காவுக்குச் சோறு பிசைந்து ஊட்டப் போனாள்.